வேலை அனுபவம் இல்லாமல் எம்.பி.ஏ. சேரலாமா? சீட் கிடைக்கும்... கவனிக்க வேண்டியது வேறு!

கடைசி செமஸ்டர் முடிந்ததும் போளூர், கலசப்பாக்கம், ஆரணி, சேத்துப்பட்டு பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "அடுத்து என்ன?" பி.காம், பி.பி.ஏ., பி.எஸ்சி. கணிதம் என்று எதை முடித்திருந்தாலும், உறவினர் ஒருவராவது சொல்லிவிடுவார்: "சும்மா வீட்ல இருக்கிறதுக்கு ஒரு எம்.பி.ஏ. போட்டுடு." அதே வாரம், சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ போனில் நேர்மாறாகச் சொல்வார்கள்: "வேலை அனுபவம் இல்லாம எம்.பி.ஏ. படிச்சா வேஸ்ட்."

இரண்டுமே பாதி உண்மை. தமிழ்நாட்டில் பட்டம் முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர எந்தத் தடையும் இல்லை. பெரும்பாலான கல்லூரிகளின் அட்மிஷன் கவுன்டரில் அனுபவம் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வி வருவது இரண்டு வருடம் கழித்து, வேலைக்கான நேர்காணலில். அதற்குள் வீட்டின் பணமோ வங்கியின் பணமோ செலவாகி முடிந்திருக்கும். அதனால், சீட் கிடைக்குமா என்பதைவிட எந்தப் படிப்பு, எவ்வளவு செலவில், அதற்குள் என்ன அனுபவம் கிடைக்கும் என்பதுதான் முக்கியம்.

ஒரே பெயர், இரண்டு படிப்பு

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், 'எம்.பி.ஏ.' என்ற ஒரே பெயரில் உலகத்தில் இரண்டு வகைப் படிப்புகள் இருப்பதுதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கியது. இன்று அங்கே எம்.பி.ஏ. வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். ஒரு நிறுவனத்தின் நிஜமான சிக்கலைக் கொடுத்து, 'நீ மேலாளராக இருந்தால் என்ன செய்வாய்?' என்று விவாதிக்க வைப்பதுதான் பாடமுறை. ஒருவர் வங்கியில் பார்த்ததைச் சொல்வார், இன்னொருவர் தொழிற்சாலையில் பார்த்ததைச் சொல்வார். மாணவர்களின் அனுபவமும் பாடத்தில் ஒரு பகுதி.

இந்தியா வேறு வழியில் போனது. கொல்கத்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.கள் 1961-ல் தொடங்கப்பட்டன. அங்கு பட்டம் முடித்து நேராக வருபவர்களுக்கும் கதவு திறந்தே இருந்தது. பின்னால் வந்த பல்கலைக்கழகத் துறைகளும் தனியார் கல்லூரிகளும் அதே பாதையில் போயின. இங்கே எம்.பி.ஏ. என்பது பெரும்பாலும் முதல் வேலைக்கான நுழைவுச்சீட்டு.

ஐரோப்பாவில் அனுபவம் இல்லாதவர்களுக்கு 'மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட்' என்று தனிப் படிப்பே உண்டு. லண்டன் பிசினஸ் ஸ்கூல், பாரிஸின் எச்.இ.சி. போன்ற இடங்களில் இதற்கும் எம்.பி.ஏ.வுக்கும் தனித்தனி அட்மிஷன். இந்தியாவில் ஃபிரெஷர்கள் சேரும் 2 ஆண்டு எம்.பி.ஏ., உண்மையில் இந்த வகைக்குத்தான் நெருக்கமானது.

"அனுபவம் இல்லாம எம்.பி.ஏ. வேஸ்ட்" என்ற பேச்சு முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாவது வகைக்கு அப்படியே பொருந்தாது.

எங்கே அனுபவம் கட்டாயம்?

ஓராண்டுப் படிப்புகளில் கவனமாக இருக்க வேண்டும். ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் ஓராண்டு பி.ஜி.பி.எக்ஸ். படிப்புக்குக் குறைந்தது 4 ஆண்டு முழுநேர வேலை அனுபவம் வேண்டும். ஹைதராபாத், மொஹாலி வளாகங்களில் நடக்கும் ஐ.எஸ்.பி.யின் முதன்மைப் படிப்பு 24 மாத அனுபவம் கேட்கிறது. அனுபவம் குறைந்தவர்களுக்காக அதே நிறுவனம் தனியாக ஒரு படிப்பைத் தொடங்கியிருக்கிறது. மகாபலிபுரம் அருகே உள்ள கிரேட் லேக்ஸ் நிறுவனத்திலும் இரண்டு வாசல்கள்: அனுபவம் உள்ளவர்களுக்கு ஓராண்டு, மற்றவர்களுக்கு இரண்டாண்டு.

ஓராண்டுப் படிப்பில் பொதுவாக கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் இருக்காது. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு அது தேவையில்லை. ஃபிரெஷருக்கோ அந்த இன்டர்ன்ஷிப்தான் உயிர்நாடி. 'ஒரே வருஷத்தில் எம்.பி.ஏ.', 'எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ.' போன்ற விளம்பரங்கள் அனுபவம் இல்லாதவரையும் கூப்பிட்டால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எது அனுபவமாகக் கணக்கில் வரும்?

களம்பூர் அரிசி ஆலையில் விடுமுறைக்குக் கணக்கு எழுதியது, ஆரணி பட்டுக் கடையில் பகுதிநேரமாக நின்றது, அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொண்டது, இதெல்லாம் அனுபவம்தானே? வாழ்க்கைக்கு ஆமாம். விண்ணப்பப் படிவத்துக்குப் பெரும்பாலும் இல்லை.

பட்டம் முடித்த பிறகு, முழுநேரமாக, சம்பளத்துடன் பார்த்த வேலையைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கில் எடுக்கின்றன. படிக்கும்போது செய்த பகுதிநேர வேலையும் இன்டர்ன்ஷிப்பும் பொதுவாகச் சேராது. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவு, பி.எஃப். எண் ஆகியவைதான் ஆதாரம். கையில் காசாக வாங்கிய சம்பளத்துக்கு ஆதாரம் காட்டுவது கடினம். குடும்பத் தொழில் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் பதிவு, வருமான வரித் தாக்கல் போன்றவற்றில் எதையாவது காட்ட வேண்டியிருக்கும்.

அதற்காக அந்த வேலைகள் வீண் என்று நினைக்க வேண்டாம். படிவத்தில் ஏறாதது நேர்காணலில் உதவும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபிரெஷருக்குத் திறந்திருக்கும் வாசல்கள்

*டான்செட்:* அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தமிழ்நாடு பொது நுழைவுத் தேர்வு. எம்.பி.ஏ. தாளுக்கு 2 மணி நேரம், 100 கேள்விகள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். ஒரு வணிகச் சூழலைக் கொடுத்து அலசச் சொல்வது, பத்தி வாசிப்பு, கணக்கு, தரவு, ஆங்கிலம் ஆகிய பகுதிகள் இருக்கும். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம். அனுபவம் தேவையில்லை, இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான கலந்தாய்வு நடக்கிறது. பல்கலைக்கழகத் துறைகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் இதில் அடங்கும். குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. படிக்க நேரான வழி இதுதான்.

*கேட்:* ஐ.ஐ.எம்.கள் சேர்ந்து நடத்தும் தேர்வு. ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம், நவம்பர் கடைசியில் தேர்வு. ஆங்கில வாசிப்பு, தரவு மற்றும் தர்க்கம், கணக்கு என 3 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். தகுதி மதிப்பெண் 50 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதமும் பாதி விண்ணப்பக் கட்டணமும். 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம்., சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை இரண்டுமே கேட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன.

கேட் எழுத அனுபவம் தேவையில்லை. ஆனால், எழுதிய பிறகு நேர்காணலுக்கு யாரை அழைப்பது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும்போது பல ஐ.ஐ.எம்.கள் அனுபவத்துக்குத் தனிப் புள்ளி தருகின்றன. அந்தப் புள்ளியும் ஒரு அளவு வரைதான் ஏறும். ஃபிரெஷருக்கு அந்த இடத்தில் பூஜ்யம். அதைத் தேர்வு மதிப்பெண்ணிலோ, பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, கல்லூரி மதிப்பெண்ணிலோ ஈடுகட்ட வேண்டும். பெண் விண்ணப்பதாரர்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் ஐ.ஐ.எம்.களும் உண்டு. ஒவ்வொன்றும் தன் கணக்கை இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

*மற்றவை:* சாட், சிமேட், மேட், என்மேட் போன்ற தேர்வுகள் வழியாகத் தனியார் நிறுவனங்களில் சேரலாம். தேர்வே இல்லாமல் 'மேனேஜ்மென்ட் கோட்டா'விலும் சேரலாம். செலவில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான்.

மலையில் இருந்து வருபவர்கள் கவனிக்க: 1-ம் 7.5-ம்

போளூரில் இருந்து மேலே ஏறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல, இந்த மலையின் மக்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உள்ள பங்கு 1 சதவீதம். ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் அதுவே 7.5 சதவீதம்.

அதாவது ஜமுனாமரத்தூரில் இருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் மாணவருக்கு, மாநில அளவில் இருப்பதைவிட மத்திய நிறுவனங்களில் ஒதுக்கீட்டு இடங்களின் விகிதம் அதிகம். இந்தப் பிரிவுக்குக் கட்-ஆஃப்பும் பொதுப் பிரிவைவிடக் குறைவாக இருக்கும். மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' கல்வி உதவித்தொகையும் உண்டு. "ஐ.ஐ.எம். எல்லாம் நமக்கா?" என்று விண்ணப்பிக்காமலே விடுவதுதான் இங்கே பெரிய இழப்பு.

சான்றிதழை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவதால் நேரம் பிடிக்கும். பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசு வடிவத்தில், அந்த நிதியாண்டுக்கான ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாதோர்) சான்றிதழ் வேண்டும். கேட் விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கடைசி நாள் வந்துவிடும்.

மாதத் தவணை என்ன சொல்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போளூரில் பி.காம் முடித்த ஒரு மாணவிக்கு இரண்டு வழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு தனியார் கல்லூரி. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 8 லட்சம் ரூபாய் கடன். மற்றொன்று, டான்செட் வழியாக ஒரு பல்கலைக்கழகத் துறை. தங்கும் செலவையும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் கடன். இரண்டுக்கும் 10 சதவீத வட்டி, 7 ஆண்டில் திருப்பிச் செலுத்த வேண்டும்.

கல்விக் கடனில் படிக்கும் 2 ஆண்டும், அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால், வட்டி நிற்காது. ஆண்டுக்குப் பாதியாகக் கடன் வாங்கினால், தவணை தொடங்கும்போது 8 லட்சம் 10 லட்சமாகியிருக்கும். 2 லட்சம் இரண்டரை லட்சமாகியிருக்கும்.

- 8 லட்சம் கடனுக்கு மாதத் தவணை: சுமார் 16,600 ரூபாய்.
- 2 லட்சம் கடனுக்கு மாதத் தவணை: சுமார் 4,150 ரூபாய்.

படிப்பு முடித்து அவருக்குச் சென்னையில் 25,000 ரூபாய் சம்பளத்தில் முதல் வேலை கிடைக்கிறது என்று வைத்தால், முதல் வழியில் தவணை போக மிஞ்சுவது 8,400 ரூபாய். ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்காது. வீட்டில் இருந்து மாதாமாதம் பணம் வர வேண்டும். இரண்டாவது வழியில் மிஞ்சுவது 20,850 ரூபாய். ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம்.

தவணை பெரிதாக இருந்தால், சம்பளம் குறைவு ஆனால் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம் என்ற வேலையை ஏற்க முடியாது. பிடிக்காத வேலையை விடவும் முடியாது. ஃபிரெஷருக்கு முதல் வேலையில் சம்பளத்தைவிடக் கற்றுக்கொள்வது முக்கியம் என்றால், கடன் சிறியதாக இருப்பதே பெரிய சுதந்திரம்.

இன்னொரு செலவு கண்ணில் படாதது. இரண்டு ஆண்டு படிக்கும்போது சம்பாதிக்காமல் விட்ட சம்பளம். மாதம் 15,000 ரூபாய் வேலை என்று வைத்தாலும் அது 3,60,000 ரூபாய்.

ஐ.ஐ.எம். கட்டணம் இன்னும் அதிகமாச்சே?

ஆமாம். பழைய பெரிய ஐ.ஐ.எம்.களில் 2 ஆண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால், அங்கே கடனின் தன்மை வேறு. இத்தகைய நிறுவனங்களின் மாணவர்களுக்கு, சொத்து அடமானம் கேட்காமல் வங்கிகள் பெரிய தொகை கொடுக்கின்றன. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகையும் உண்டு. படிப்பு முடித்துக் கிடைக்கும் வேலையின் அளவும் வேறு. வெறும் கட்டணத்தை மட்டும் ஒப்பிடக் கூடாது. கட்டணத்தையும், அங்கே படித்து முடிப்பவர் வாங்கும் நடுத்தரமான சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடனில் தெரிந்துகொள்ள வேண்டியவை

- 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வீட்டின் பங்காக முன்பணம் கேட்கக் கூடாது. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தருவதற்குக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது.
- குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்தின் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும். இந்தச் சலுகை ஒருவருக்கு ஒரு முறைதான். இளநிலைப் படிப்புக்கே பயன்படுத்தியிருந்தால் எம்.பி.ஏ.வுக்குக் கிடைக்காது.
- 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானம் இல்லாத கடன் உண்டு. வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்கும். சேரப்போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.
- எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடைக்காது. "எல்லாம் ஸ்காலர்ஷிப்ல வந்துடும், நீங்க சேருங்க" என்று ஏஜென்ட் சொன்னால், எந்த ஒதுக்கீட்டில் சீட் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

கல்லூரியிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

*1. இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், எங்கே?* முதலாண்டு முடிவில் குறைந்தது 6 முதல் 8 வாரம் ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வைக்கிறார்களா? அல்லது, சீல் குத்திய சான்றிதழை மட்டும் கொண்டுவரச் சொல்கிறார்களா? அனுபவம் இல்லாதவருக்கு ரெஸ்யூமேயில் முதல் வரியாக நிற்கப்போவது இதுதான். போன வருட மாணவர்கள் எந்தெந்த நிறுவனங்களுக்குப் போனார்கள் என்று சீனியர்களிடமே கேட்டுவிடலாம்.

*2. நடுத்தர சம்பளம் எவ்வளவு?* போஸ்டரில் இருப்பது அதிகபட்சச் சம்பளம். 10 பேரில் ஒருவருக்கு 12 லட்சம், மற்ற 9 பேருக்கும் 3 லட்சம் கிடைத்தால், சராசரி 3.9 லட்சம் என்று விளம்பரம் செய்யலாம். ஆனால், வரிசையில் நடுவில் நிற்பவருக்குக் கிடைத்தது 3 லட்சம்தான். இதைத்தான் 'மீடியன்' என்கிறார்கள். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு என்ற விவரத்தைத் தர வேண்டும். அந்த ஆவணம் கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும்.

*3. என்ன வேலை?* மேலாண்மைப் பட்டத்துக்குப் பிறகு கிடைத்தது, பி.காம் முடித்தாலே கிடைக்கக்கூடிய கால் சென்டர் வேலையோ, டார்கெட் வைத்து இன்சூரன்ஸ் விற்கும் வேலையோ என்றால், அந்த 2 ஆண்டுகளால் என்ன லாபம்?

*4. அங்கீகாரம் என்ன?* எம்.பி.ஏ. என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம். பி.ஜி.டி.எம். என்பது தன்னாட்சி நிறுவனங்கள் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியுடன் தரும் டிப்ளமோ. ஐ.ஐ.எம்.களே நீண்ட காலம் டிப்ளமோதான் கொடுத்தன. 2017-ம் ஆண்டு ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் வழங்கும் உரிமை வந்தது. அதனால் டிப்ளமோ என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

*5. வகுப்பில் யார் இருக்கிறார்கள்?* அனுபவம் உள்ளவர்களும் கலந்து இருக்கும் வகுப்பில் ஃபிரெஷர் அதிகம் கற்றுக்கொள்வார். மாலை நேர வகுப்பு நடத்தும் கல்லூரி என்றால், அந்த மாணவர்களோடு பழக வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்கலாம்.

அப்போ வேலைக்குப் போயிட்டு அப்புறம் படிக்கலாமா?

பலருக்கு அது நல்ல வழி. செய்யாறு, ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் காலணி நிறுவனங்கள், வேலூர் மருத்துவமனைகள், சென்னையின் வங்கி மற்றும் கணக்கியல் அலுவலகங்கள் எல்லாம் போளூரில் இருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு ஸ்டோர்ஸ், கொள்முதல், கணக்கு, எச்.ஆர். என்று ஏதாவது ஒரு பிரிவில் பி.எஃப். பிடித்தத்துடன் வேலை பார்த்தால் மூன்று லாபம்: படிவத்தில் அனுபவம் ஏறும், கொஞ்சம் பணம் சேரும், எந்தத் துறை பிடிக்கும் என்று தெரியும். மார்க்கெட்டிங்கா ஃபைனான்ஸா என்று தெரியாமல் 8 லட்சம் கட்டுவதைவிட இது மலிவு.

வேலையை விட முடியாதவர்கள் இக்னோவின் தொலைநிலை எம்.பி.ஏ.வைப் பார்க்கலாம். பதவி உயர்வுக்குப் பட்டம் தேவை என்பவருக்கு அது பயன்படும். ஆனால், அதில் வளாக வேலைவாய்ப்பை எதிர்பார்க்கக் கூடாது. முதல் வேலையையே தேடும் ஃபிரெஷருக்கு அது மட்டும் போதாது.

'வேலை பார்த்துவிட்டுப் படி' என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சம்பளம் வரத் தொடங்கியதும் வீடு அதை நம்பத் தொடங்கிவிடும். தங்கையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் என்று வந்துவிட்டால் திரும்பப் படிக்கப் போவது கடினம். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. "படிக்கிறவரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டோம்" என்று சொல்லும் வீடுகள், வேலைக்குப் போகும் மகளுக்கு அந்த இரண்டு ஆண்டை அப்படியே தருவதில்லை. அந்த மாதிரி வீட்டில் இருக்கும் ஒருவருக்கு, குறைந்த கட்டணத்தில் இப்போதே டான்செட் சீட் என்பது சரியான முடிவாக இருக்கலாம். ஊர் விட்டு ஊர் போய்த் தங்கிப் படிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பாகவும் அது இருக்கலாம்.

நடுவழி ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. ஹார்வர்டின் '2+2' திட்டத்தில் இறுதியாண்டிலேயே விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டு, குறைந்தது 2 ஆண்டு வேலை பார்த்த பிறகு போய்ச் சேரலாம். எல்லோருக்கும் எட்டாது என்றாலும், அங்கேயே கூட அனுபவமும் படிப்பும் எப்படி இணைக்கப்படுகின்றன என்பதைக் காட்டுகிறது.

"அனுபவம் இல்லையே, உனக்கு ஏன் எம்.பி.ஏ.?"

ஃபிரெஷரிடம் நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளில் இது முக்கியமானது. 'தலைமைப் பண்பு வளர்க்க' என்பது மாதிரி மனப்பாடப் பதில்கள் எடுபடாது. சொந்த ஊரைக் கூர்ந்து பார்த்தவரிடம் நல்ல பதில் இருக்கும்.

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, தேனும் புளியும் கிடைக்கின்றன. விளைவித்தவருக்குக் கிடைக்கும் விலைக்கும், சென்னை சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்டு விற்கும் விலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது? உமி நீக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது, வண்டி வாடகை எவ்வளவு, யார் எடை போடுகிறார்? களம்பூர் அரிசி ஆலைக்காரர் நெல்லை எப்போது வாங்கி, எத்தனை நாள் கடனில் அரிசியை விற்கிறார்? விடுமுறையில் கணக்கு எழுதியவருக்கு இது தெரிந்திருக்கும். இதைப் புள்ளிவிவரத்தோடு சொல்லி, "இந்தச் சிக்கலைத் தீர்க்க எனக்கு இன்னின்னது கற்க வேண்டியிருக்கிறது" என்று சொல்பவரை அனுபவமே இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பக்கம் ஆர்வம் இருப்பவர்களுக்கு எம்.பி.ஏ.வுக்கு நெருங்கிய வேறு படிப்புகளும் உண்டு. வர்கீஸ் குரியன் 1979-ல் குஜராத்தில் தொடங்கிய ஆனந்த் ஊரக மேலாண்மை நிறுவனத்தின் படிப்பில், மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்வதும் ஒரு பகுதி. ஃபிரெஷர்கள் சேரலாம். வேளாண் பட்டதாரிகளுக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக எம்.பி.ஏ. இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், கூட்டுறவுகள், நுண்கடன் நிறுவனங்கள் எல்லாம் இப்படிப் படித்தவர்களைத் தேடுகின்றன.

கடைசியாக, முடிவெடுக்க ஒரு சுருக்கம்

- டான்செட் மதிப்பெண்ணில் நல்ல துறையில் குறைந்த கட்டண இடம் கிடைத்தால்: அனுபவம் இல்லை என்று தயங்க வேண்டாம், சேரலாம்.
- கேட் எழுதி ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி. அழைப்பு வந்தால்: மீடியன் சம்பளத்தையும் கடனையும் ஒப்பிட்டுவிட்டுச் சேரலாம்.
- மேனேஜ்மென்ட் கோட்டா மட்டும்தான் கிடைக்கிறது, நிலத்தையோ நகையையோ அடகு வைக்க வேண்டும் என்றால்: ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே மறுபடியும் தேர்வு எழுதுவது நல்லது. டான்செட்டும் கேட்டும் ஆண்டுதோறும் நடக்கின்றன.
- 'சும்மா இருக்கக் கூடாதே' என்பது மட்டும்தான் காரணம் என்றால்: முதலில் வேலை.
- ஓராண்டு, எக்சிகியூட்டிவ் படிப்புகள்: இப்போதைக்கு வேண்டாம்.

இறுதியாண்டில் இருப்பவர்கள் ஜூன், ஜூலையில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துவிடலாம். ஆகஸ்டில் கேட் விண்ணப்பம். புத்தாண்டு பிறந்ததும் டான்செட் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும், தேர்வு வழக்கமாக மார்ச் வாக்கில் வரும். இரண்டுக்கும் சேர்த்துப் படித்தால் கணக்கும் ஆங்கிலமும் பொதுதான். கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதத் தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை இன்னொரு முறை வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டால் போதும்.